எர்த் அடிக்குது

அய்யாதுரைக்கு உபைத்தைப் பிடிக்காது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற சாதாரணப் பிடிக்காமை இல்லை. உபைத் தன் கிடார் உறையின் ஜிப்பை இழுக்கிற சத்தம் காதில் விழுந்தாலே இவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஆளின் நெற்றியில் விழும் முடி, கூர்மூக்கு ஷூ, பாடும்போது கண்ணை மூடிக்கொண்டு மைக்கை முத்தமிடப் போகிறவன் மாதிரி சாய்கிற தினுசு, எதுவும் ஆகாது. உபைத்துக்கும் இவனைக் கண்டால் அதே கதைதான். ராயப்பேட்டைக்காரன், வாய் சும்மா இருக்காது. இரண்டு பேரும் வெங்கடரமணனின் மெல்லிசைக் குழுவோடு கல்யாணம் கல்யாணமாகப் போனார்கள். உபைத் கிடார் வாசித்துப் பாடுகிறவன். அய்யாதுரை மயிலாப்பூரில் துரை சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவன். மாதத்தில் பத்து நாள் ஒரே மேடையில் நின்றாக வேண்டிய தலையெழுத்து.

சண்டை கோபாலபுரத்தில் ஆரம்பித்தது. ஒரு பங்களாத் தோட்டத்தில் அறுபதாம் கல்யாணக் கச்சேரி. அன்றைக்கு அய்யாதுரையின் கிடார் பெட்டி மானத்தை வாங்கியது. ஒயரோடும் ஸ்பீக்கரோடும் இருக்கிற கிடார் ஆம்பைத்தான் அவர்கள் பெட்டி என்பார்கள். அதைப் போட்ட நேரத்திலிருந்து 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல். பாட்டு நின்றாலும் அது நிற்கவில்லை. இரண்டு பாட்டுவரை பொறுத்துப் பார்த்த உபைத் மூன்றாவது பாட்டுக்கு முன்னால் மைக்கைப் பிடித்தான்.

"மன்னிச்சுக்கோங்க. நடுவுல ஒரு வண்டு பாடுது. அது எங்க குழு இல்ல, சவுண்ட் சர்வீஸ்கூட வந்தது."

தோட்டமே சிரித்தது. அறுபது வயது மாப்பிள்ளையும் பல்செட்டைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாமான்களை வண்டியில் ஏற்றும்போது வீட்டுக் குழந்தைகள் சுற்றி நின்று 'வண்டு மாமா, வண்டு மாமா' என்று கூவின. அய்யாதுரை அன்றைக்குச் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனான். அந்தச் சிரிப்பை அவன் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

அந்த இரைச்சலை ஒழிக்க அவன் என்ன செய்தான் என்பதில்தான் இந்தக் கதையின் முழு வில்லங்கமும் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் கிரைண்டரைத் தொட்டுச் சுருக்கென்றால், பிரிட்ஜ் கதவு விர்ரென்று இழுத்தால், யாராவது 'கரண்ட் கசிகிறது' என்று சொல்கிறோமா? 'எர்த் அடிக்குது' என்கிறோம். பி.ஈ. படித்தவனும் வீட்டில் அப்படித்தான் சொல்கிறான். பாவம், எர்த் யாரையும் அடிப்பதில்லை. வழிதவறி வெளியே வரும் கரண்டை மண்ணுக்குள் இழுத்துக்கொண்டுபோய், நம் மேல் பாயாமல் தடுக்கிற கம்பி அது. காவல்காரன் பேரிலேயே திருட்டுக் கேஸை எழுதிவைத்த மாதிரி ஒரு வழக்கு நம்முடையது.

அய்யாதுரை சவுண்டு வேலையைக் காதால் கற்றவன். காதில் விழுந்த வார்த்தையையும் அப்படியே நம்பினான். அடிப்பது எர்த். பெட்டி இரைவதும் எர்த்தால்தான் என்று அடையாறில் ஒரு மண்டபத்து ஒயர்மேன் சொன்னார். அப்புறம் எதற்கு அந்தச் சனியன்? ரம்பப் பிளேடை எடுத்தான். கிடார் பெட்டியின் பிளக்கில் தடியாக நீட்டிக்கொண்டிருந்த மூன்றாவது காலை அறுத்துப் போட்டான். பெட்டியை ஆன் செய்தான். கும்மென்று அமைதி. வண்டு செத்துப்போயிருந்தது. அய்யாதுரைக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தப்பான வேலைக்கு உடனே பலன் கிடைத்துவிட்டால் அதைத் தப்பென்று அப்புறம் ஆண்டவனே வந்து சொன்னாலும் ஏறாது.

சொல்ல வந்தவன் ஆண்டவன்கூட இல்லை, உபைத். ஒன்றரை மாதம் கழித்து அடையாறில் ஒரு வரவேற்பில் பாடிக்கொண்டிருந்தவன் 'ஸ்ஸா' என்று பின்னால் துள்ளினான். பாட்டு முடிந்ததும் கீழுதட்டைப் பிதுக்கிக் காட்டினான். சின்னதாக ஒரு வெள்ளைக் கொப்புளம்.

"மைக் எர்த் அடிக்குது."

"மைக் அடிக்குதா? மஹதி பாடிச்சே, அதுக்கு அடிச்சுதா?" என்றான் அய்யாதுரை. மஹதி குழுவின் பாடகி. அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"அது கிடாரைப் புடிச்சுக்கினா பாடுது? கம்பியைத் தொட்டுக்கினு மைக்ல வாயை வெச்சாத்தான் அடிக்குது. உன் பெட்டில எர்த் கீதா இல்லியா?"

"எர்த்தா? அதை அறுத்துப் போட்டு ஒன்றரை மாசம் ஆச்சு. எர்த்தே இல்லாத பெட்டி எப்பிடிடா எர்த் அடிக்கும்?"

"யோவ், எர்த் இல்லாததாலதான்யா எர்த் அடிக்குது!"

குழு மொத்தமும் கொல்லென்று சிரித்தது. தபேலாக்காரருக்குப் புரையேறியது. உபைத்துக்கே தான் சொன்னது காதில் விழுந்து முகம் சிவந்துவிட்டது. உண்மையைச் சொல்லியும் கோமாளி ஆனான். கோபாலபுரத்துக் கடனை வட்டியோடு தீர்த்த சந்தோஷத்தில் அய்யாதுரை அன்றைக்கு இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தான்.

உபைத் விடுகிறவன் இல்லை. கிண்டி எஸ்டேட்டில் டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு சிநேகிதனைக் கேட்டு, பேனா மாதிரி ஒரு டெஸ்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தான். கிடார் கம்பியில் வைத்தால் சில நாள் டெஸ்டர் சிவப்பாக எரியும். 'பாரு, பாரு' என்று ஆளைக் கூப்பிடுவான். அடுத்த ஊர், அடுத்த மண்டபம், அதே பெட்டி, டெஸ்டர் அவிந்து கிடக்கும். எல்லோரையும் கூட்டிவைத்துக் காட்டுகிற நாளில் எரியவே எரியாது. அய்யாதுரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். "இன்னா நைனா, உன் டெஸ்டருக்கும் உனக்கும் ஒரே புத்தி போலக் கீதே" என்பான். கடைசியில் உபைத் வெறுத்துப்போய் மைக்கின் தலையில் ஒரு கைக்குட்டையை இரண்டாக மடித்துக் கட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தான். குரல் பானைக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது. அதற்கும் திட்டு அய்யாதுரைக்குத்தான் விழுந்தது. "மைக்குக்குக் கோமணம் கட்டிக்கினு பாட்றான், சவுண்டு இன்னா மயிராட்டம் வரும்?" என்று அவன் மேடைக்குக் கேட்கிற மாதிரியே சொன்னான்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடி, தொண்ணூற்று நாலு வைகாசியில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மண்டபத்தில் வரவேற்பு வந்தது. அந்தக் கல்யாணத்தில் உபைத்துக்கு ஒரு காரியம் இருந்தது. பெண்ணின் சித்தப்பா ஜவஹர், கோடம்பாக்கத்தில் ரெக்கார்டிங்குக்கு வாத்தியக்காரர்களைச் சேர்த்துவிடுகிறவர். அவர் ஒருவர் தலையாட்டினால் போதும், மண்டபம் மண்டபமாக அலைந்து சாம்பார் வாசனையில் வாசிக்க வேண்டாம். ஒன்பது வருஷமாக உபைத் இப்படி ஒரு தலையாட்டலுக்காகத்தான் வாசித்துக்கொண்டிருந்தான். வெங்கடரமணன் நல்ல மனுஷர். வங்கி ஆபீசர், சண்டை என்றாலே பதறுகிறவர். உபைத்துக்காக ஒரு பாட்டு ஒதுக்கியிருந்தார். வேறு வாத்தியமே கிடையாது. தனிக் கிடார், மெல்லிய குரல், மைக்கை ஒட்டி நின்று பாட வேண்டிய பாட்டு.

மத்தியானம் மூன்றரைக்கு மண்டபத்தில் மின்விசிறிகூட அனல் காற்றைத்தான் வீசியது. உபைத் நேராக அய்யாதுரையிடம் வந்தான். கையில் புத்தம் புதிய வெள்ளை பிளக், மூன்று கால்.

"இந்தா. நானே வாங்கினு வந்துக்கீறேன். இன்னிக்கு ஒரு நாள் இத்தை மாட்டு. அப்பால நீ அறுத்துப் போடு, தின்னு, இன்னா வேணா பண்ணு."

அவன் கெஞ்சித்தான் கேட்டான். கெஞ்சலை அவனுக்கு அதிகாரம் மாதிரித்தான் செய்ய வரும், அதுதான் கோளாறு. அய்யாதுரை கையில் இருந்த ஒயரைக் கீழே போட்டான்.

"எத்தினி வருசமா நான் இந்தத் தொழில்ல கீறேன், தெரியுமா உனக்கு? என் பெட்டியைத் தொட்டே, கை இருக்காது."

"செத்தா நீ வருவியா?"

"மொதல் மாலை என்னுது."

வெங்கடரமணன் ஓடி வந்து நடுவில் நின்றார். "இன்னிக்கு நல்ல நாள்பா. இப்பிடி சாவு கீவுன்னு பேசிண்டு இருக்கலாமா? அய்யாதுரை, அவன் சொல்றதை ஒரு தடவை செஞ்சுதான் பாரேன்."

அவர் இதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் ஒருவேளை நடந்திருக்கும். குழுவே பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டார். அய்யாதுரை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். மேடையில் ஏறினான். உபைத்தின் கிடாரை இடதுகையால் வாங்கி, ஆறு கம்பியையும் சேர்த்து முஷ்டியில் பிடித்தான்.

"எல்லாரும் பாத்துக்கோங்க. கம்பியைப் புடிச்சுக்கினேன். இப்ப மைக்ல வாயை வெக்கிறேன். எனக்கு அடிச்சா, இவன் சொல்ற பிளக்கை மாட்டிட்டு இவன் கால்ல வுழறேன். அடிக்கலன்னா, இவன் மைக்ல துணி கட்டக் கூடாது. எர்த்துன்னு இனிமே வாயைத் தொறக்கக் கூடாது. சரியா?"

"சரி" என்றான் உபைத். டெஸ்டரை எடுத்துப் பார்த்துவிட்டுச் சரி சொல்லியிருக்கலாம். கோபத்தில் தோன்றவில்லை.

அய்யாதுரை மைக்கின் வலையில் உதட்டை அழுத்தமாக வைத்துப் பஸ் கண்டக்டர் மாதிரி கூவினான். "கொட்டிவாக்கம்! திருவான்மியூர்! அடையாறு! மந்தவெளி! லஸ்ஸு!" காலியாக இருந்த ஐந்நூறு நாற்காலிகளுக்கும் கேட்டது. ஒன்றும் அடிக்கவில்லை. சுருக்கென்றுகூட இல்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு காத்திருந்த மஹதி மூச்சை விட்டாள். தபேலாக்காரர் கைதட்டினார். உபைத் தன் பிளக்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனான். அவன் முகத்தைப் பார்க்க அய்யாதுரைக்கு நிறைந்த சுகமாக இருந்தது. இதை ஏன் ஒளிக்க வேண்டும்? அந்தச் சுகம் சாயங்கால டிபன் வரைக்கும் நாக்கில் இனித்தது.

ஏழு மணிக்கெல்லாம் மண்டபம் நிரம்பிவிட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு மேடையில் நின்று கைகுலுக்கியே களைத்தார்கள். இன்னொரு மேடையில் குழு வாசித்தது. வீடியோக்காரர் கண்ணைப் பறிக்கிற விளக்கைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடினார். எட்டு மணி சுமாருக்கு மஹதி ஒரு தனிப் பாட்டை எடுத்தாள். அதற்கு அடுத்தது உபைத்தின் பாட்டு. அவன் கிடாரைத் தன் மைக்குக்குப் பக்கத்து நாற்காலியில் சாய்த்துவிட்டு, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஜவஹருக்கு வணக்கம் சொல்லக் கீழே இறங்கினான்.

மிக்ஸர் மேஜையிலிருந்து அய்யாதுரை மேடையை நிமிர்ந்து பார்த்தான். உபைத்தின் மைக்கின் தலையில் கைக்குட்டை கட்டியிருந்தது.

அவனுக்கு உச்சியில் ஏறியது. பந்தயம் கட்டி ஐந்து மணி நேரம் ஆகவில்லை. பேமானி, சொன்ன சொல்லைக் காப்பாற்றத் துப்பு இல்லாதவன். விறுவிறுவென்று மேடையின் பக்கப் படியில் ஏறினான். இடதுகையால் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வலதுகையால் முடிச்சைப் பிய்த்தான். பிய்த்த வேகத்தில் முழங்கை இடித்து, நாற்காலியில் இருந்த கிடார் சரிந்தது. எவன் கிடாரானாலும் வாத்தியம் கீழே விழுந்தால் மனசு கேட்காது. வலதுகையை நீட்டிக் கழுத்தோடு, கம்பியோடு பிடித்தான்.

பிடித்த கையை விட முடியவில்லை. அவன் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, ஏதோ அவனைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கைக்கும் நடுவில் நெஞ்சுக்கூட்டை யாரோ உள்ளேயிருந்து உலுக்கினார்கள். கத்த வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பல் கிட்டிப்போனது. அம்மா என்று நினைத்தானா, சாமியை நினைத்தானா, ஒன்றும் இல்லை. 'விடு' என்ற ஒரே ஒரு வார்த்தைதான் தலைக்குள் ஓடியது. முழங்கால் மடங்கி உடம்பு பின்னால் சாய்ந்ததில் மைக்கிலிருந்து இடதுகை பிடுங்கிக்கொண்டது. தொப்பென்று விரிப்பில் உட்கார்ந்தான். கிடார் மடியில் கிடந்தது.

எல்லாம் மூன்று நொடி. டிரம்ஸ்காரர் உருட்டலில் இருந்தார். முன்வரிசைக் குழந்தைகள் யாரோ தடுக்கி விழுந்தார் என்று சிரித்தன. அடுத்த மைக்கில் பாடிக்கொண்டிருந்த மஹதி மட்டும் ஒரு வரியைத் தவறவிட்டு அவனையே பார்த்தாள்.

அய்யாதுரை கீழே விழுந்திருந்த கைக்குட்டையைப் பொறுக்கிக்கொண்டு, தவழ்கிற மாதிரி நகர்ந்து பெட்டிக்குப் பின்னால் போனான். காதுக்குள் விர்ரென்றது. மத்தியானம் கம்பியை முஷ்டியில் பிடித்து ஊர்ப்பேரெல்லாம் கூவினானே, அப்போது அடிக்காதது இப்போது எப்படி? பிளக் போர்டைப் பார்த்தான். வீடியோ விளக்கின் ஒயர் புதிதாக ஒரு துளையில் ஏறியிருந்தது. வீடியோக்காரர் தனக்கு இடம் பண்ண கிடார் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி வேறு துளையில் செருகியிருக்கிறார். தலைகீழாகச் செருகியிருக்கிறார். மத்தியானம் கீழ்ப்பக்கமாகத் தொங்கிய ஒயர் இப்போது மேல்பக்கத்திலிருந்து வந்தது.

மூன்று கால் இருந்தால் பிளக் தலைகீழாக நுழையவே நுழையாது. இரண்டு கால் எப்படியும் நுழையும். நேராகப் போனால் சாது, தலைகீழாகப் போனால் பெட்டியின் தகடு, ஒயர், கிடார் கம்பி எல்லாவற்றிலும் கரண்ட் ஏறிக்கொள்ளும், மண்ணுக்குப் போக வழி இருக்காது, மைக்கில் வாயை வைக்கிற ஆளின் உடம்பே வழி. உபைத்தின் டெஸ்டர் ஒரு நாள் எரிந்து ஒரு நாள் எரியாத மர்மம் இதுதான். ரம்பப் பிளேடால் இந்தக் காலை அறுத்தவன் யார் என்பதும் அவனுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"அடுத்ததாக நம்ம உபைத், தனிக் கிடாரோட..." வெங்கடரமணன் அறிவித்துக்கொண்டிருந்தார்.

உபைத் மேடையேறினான். ஜவஹர் ஏதோ நல்ல வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், முகமெல்லாம் வெளிச்சம். கீழே கிடந்த கிடாரை எடுத்துத் தோளில் மாட்டினான். மைக்கைப் பார்த்தான், அய்யாதுரையின் கையில் கசங்கிக் கிடந்த கைக்குட்டையைப் பார்த்தான்.

"புடுங்கிட்டியா? சரி. சொன்னது சொன்னதுதான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டுத் திரும்பி நின்று கம்பியை மீட்டினான்.

பாட்டுக்கு முன்னால் கிடாருக்கு மட்டும் ஒரு நீளமான தொடக்கம் இருந்தது. வியர்வை அவன் தாடையிலிருந்து சொட்டியது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கூட்டம் பேச்சை நிறுத்தியது. இந்த மாதிரிக் கூட்டம் பேச்சை நிறுத்துவது அபூர்வம். உபைத் அவ்வளவு நன்றாக வாசித்தான், அய்யாதுரைக்கும் அது காதில் விழத்தான் செய்தது. கண்ணை மூடிக்கொண்டு மைக்கை நோக்கிச் சாய ஆரம்பித்தான்.

ஒரு வார்த்தை போதும். 'உபைத், வேணாம், எர்த்து' என்று அய்யாதுரை ஒரு குரல் கொடுத்திருந்தால் ராயப்பேட்டைக்காரன் துள்ளி விலகியிருப்பான். ஆனால் அந்த வார்த்தையை ஐந்நூறு பேர் கேட்பார்கள். தபேலாக்காரர் கேட்பார். உபைத்தின் காலில் விழ வேண்டும். இந்த ஆள் ஆயுசு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சாகப் பிழைக்க ஒருத்தன் நிற்கிறான், இவன் இதையெல்லாம் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மனுஷனுக்கு வீம்பு என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு முன்னால் உயிரும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஆனாலும் அவன் கை அவன் அளவுக்குக் கெட்டுப்போயிருக்கவில்லை. அது பிளக்கைப் பிடுங்கியது.

கிடார் பாதி மீட்டலில் செத்தது. வீடியோக்காரர் சத்தம் நின்றதைக் கவனித்துத் திரும்பிப் பார்த்தார். "அய்யோ, பிளக் வுந்துட்ச்சாண்ணா? குடு, நான் சொருவறேன்" என்று குனிந்து கையை நீட்டினார்.

எந்தப் பக்கம் நேர், எந்தப் பக்கம் தலைகீழ்? சத்தியமாக அய்யாதுரைக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் தனக்கு என்ன தெரியும் என்பதே தெரியாமல் போயிருந்தது. இடுப்பிலிருந்த கட்டிங் பிளேயரை உருவினான். பெட்டியை ஒட்டி, இனி யாரும் எதிலும் செருக முடியாதபடி, ஒயரை நறுக்கென்று வெட்டினான்.

"இன்னாண்ணா பண்றே!" என்று வீடியோக்காரர் அலறியது மைக்கில் ஏறி மண்டபம் முழுக்கக் கேட்டது.

உபைத் திரும்பினான். ஒரு கையில் பிளக்கோடு தொங்கும் ஒயர், இன்னொரு கையில் பிளேயர், அய்யாதுரை அவன் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். இதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? கூட்டத்தில் ஒரு சலசலப்பு, கொஞ்சம் சிரிப்பு. முதல் வரிசையில் ஜவஹர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு சாப்பாட்டு ஹாலுக்குப் போனார். உபைத் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். வெங்கடரமணன் கையைக் கையை ஆட்டி அவசரமாக ஒரு டூயட்டை ஆரம்பிக்கச் சொன்னார்.

சாப்பாட்டு ஹாலுக்குப் போகும் நடையில், காலி சோடா பாட்டில்கள் அடுக்கியிருந்த இடத்தில் உபைத் அவனைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தான். சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்தன.

"ஒம்போது வருசம்டா! ஒம்போது வருசம்! ஒரே ஒரு பாட்டு. உனக்கு இன்னாடா கொறஞ்சுது அதுல? சொல்லுடா கஸ்மாலம்!"

பின்னாலேயே ஓடி வந்த வெங்கடரமணனுக்கு மூச்சு வாங்கியது. "ஏன்யா இப்பிடிப் பண்ணினே? என்ன விரோதம் இருந்தாலும் கட்டிங் பிளேயரைத் தூக்கிண்டு மேடையில வெட்டுவியா? பொண்ணாத்துக்காரா எதிர்ல என் மானமே போச்சே. நாளைலேர்ந்து நீ என் கச்சேரிக்கு வேண்டாம். காரணத்தை மட்டும் சொல்லிட்டுப் போ."

அய்யாதுரை வாயைத் திறந்தான். காரணம் தொண்டைவரை வந்தது. எதிரில் உபைத்தின் முகம் ஒரு ஜாண் தூரத்தில் இருந்தது. வெறுப்பில் கோணிப்போன முகம், கீழுதட்டில் பழைய கொப்புளத்தின் தழும்பு.

"வேணும்னுதான் வெட்டினேன். இன்னா பண்ணுவே?"

உபைத் கையை ஓங்கினான்.

"இருங்கோ! இருங்கோ!" மஹதி டூயட்டை இன்னொருத்தியிடம் தள்ளிவிட்டு வந்திருந்தாள். "அய்யாதுரை அண்ணா, நீங்க கர்ச்சீப்பை எடுக்கறச்சே உங்களைத் தூக்கிப் போட்டுதே, நான் பாத்தேன். கையை விட முடியாம ஆடினேளே. உங்களுக்கு ஷாக்தானே அடிச்சுது?"

ஓங்கிய கை அங்கேயே நின்றது. உபைத் மெதுவாகக் கையை இறக்கினான். அய்யாதுரையின் வலதுகையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, குழல்விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். உள்விரல்களில் கம்பி கம்பியாக வெளுத்த கோடுகள். நடுவிரல் நுனியில் தோல் வெந்து சுருங்கியிருந்தது. அய்யாதுரை கையை இழுத்தான். உபைத் விடவில்லை.

சாப்பாட்டு ஹாலிலிருந்து 'ரசம், ரசம்' என்று குரல் வந்தது.

"அதுக்குத்தான் வெட்டினியா?" உபைத்தின் குரல் முற்றாக இறங்கியிருந்தது. "நான் வாயை வெக்கிறதுக்கு முன்னாடி வெட்டினே. இல்ல?"

அய்யாதுரை சுவரைப் பார்த்தான்.

"பாட்டு போச்சு. அந்த மனுசன் சாப்பிட்டுட்டுக் கெளம்பிடுவார், அதுவும் போச்சு. போவட்டும். ஒண்ணே ஒண்ணு சொல்லு. எர்த் அடிச்சுதுன்னு சொல்லு. ரெண்டு வருசமா பொய் சொல்றேன்னு எல்லாரும் சிரிச்சாங்க. என் பொண்டாட்டிகூடச் சிரிச்சா. இவங்க ரெண்டு பேர் முன்னாடி ஒரு வாட்டி சொல்லு, நான் போய்க்கினே இருக்கேன்."

வெங்கடரமணன் அய்யாதுரையின் முகத்தைப் பார்த்தார். மஹதி பார்த்தாள். சொல்லிவிட்டால் நாளைக்கும் கச்சேரி உண்டு, ஒயரை வெட்டியவன் ஓர் உயிரைக் காப்பாற்றியவனாக வீட்டுக்குப் போகலாம். அய்யாதுரைக்கு இது நன்றாகத் தெரிந்தது. இந்த உபைத் கொஞ்சம் இறங்கி வராமல், இன்னும் நாலு அறை அறைந்து கேட்டிருந்தால்கூட ஒருவேளை சொல்லியிருப்பான். இப்படித் தணிந்து கேட்டதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"எனக்கு ஒண்ணும் அடிக்கல" என்றான். "கால் தடுக்கிச்சு. கையில சூடு, மத்தியானம் சால்டரிங் கம்பி வெச்சுது."

"அய்யாதுரை..." என்று ஆரம்பித்தார் வெங்கடரமணன்.

"அடிக்கலன்னு சொல்றேன்ல சார்? இவனைப் புடிக்கல. வெட்டினேன். அவ்ளோதான்."

உபைத் அவன் கையை விட்டான். அடிக்கவில்லை, துப்பவில்லை.

"செத்தாலும் சொல்ல மாட்டே, இல்ல?"

"மாட்டேன்" என்றான் அய்யாதுரை.

வலதுகையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.